முதிரைக் கதவுதான் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வீடு கட்டுகிற ஒருவருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "வன்னியில் இனி முதிரைக்கு ஆசைப்படுகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்றக் கேள்விகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டன. ஆகவே இந்த முறை முழுக்க மரம்தான், அதிலும் ஆங்கிலத்தில் சற்றின்வூட் என்கிற நம் காட்டு வைரமரமான முதிரை. கோழிக்கு வந்த நோயைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கோழி பொறுக்காது, அதை இன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

ஐயா, வவுனியாவில் வீடு கட்டுகிறோம். சுவர் எழுந்துவிட்டது, இனி நிலை வைக்க வேண்டும். தச்சு வேலை செய்பவர் முன்வாசலுக்கு முதிரைதான் எடுப்பு என்கிறார், தெரிந்த இடத்தில் பாதி விலைக்கு எடுத்துத் தருகிறாராம், பெர்மிட் எல்லாம் தான் பார்த்துக்கொள்வாராம். மனைவிக்கும் முதிரைதான் ஆசை. எடுக்கட்டுமா?
– ஒரு வாசகர், குருமன்காடு

எடுக்காதீர்கள் தம்பி. பாதி விலை என்று சொன்ன இடத்திலேயே உங்களுக்கும் விசயம் விளங்கியிருக்கும், இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

காட்டில் நிற்கிற முதிரை அரசின் மரம். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் தூங்குகிற சட்டம் இல்லை, 2009இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டியிருக்கிறார்கள். மரத்தோடு பிடிபட்டால் மரம் மட்டும் போவதில்லை. ஏற்றி வந்த லொறியோ உழவு இயந்திரமோ, அதையும் நீதிமன்றம் பறிமுதல் செய்யலாம். வாகனம் லீசிங்கில் எடுத்ததாக இருந்தால் வாகனமும் இல்லாமல் மாதத் தவணையும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மணலுக்கு அடியில், வைக்கோலுக்கு அடியில், மரக்கறி மூட்டைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த முதிரைக் குற்றிகள் பிடிபட்ட செய்தியைப் பேப்பரில் நீங்களும் பார்த்துத்தான் இருப்பீர்கள்.

சட்டப்படி வந்த மரம் என்றால் குற்றியில் சுத்தியலால் அடித்த முத்திரை இருக்கும், கொண்டுவருவதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கும், மரக்காலையில் பற்றுச்சீட்டும் தருவார்கள். அரிந்து பலகையாக்கிய பிறகு முத்திரை எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் கள்ள மரம் பெரும்பாலும் அரிந்தபடியே வந்து சேர்கிறது. பற்றுச்சீட்டுத் தராத இடத்தில் மரம் வாங்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. நாளைக்குப் பிரச்சினை வந்தால் அந்தத் தெரிந்தவருக்கு உங்களைத் தெரியாது.

ஆசையைப் பிழை சொல்லவில்லை. முதிரையைப் போல ஒரு மரம் இல்லை. சீவுளி போட்டதும் பொன் நிறத்தில் பளபளக்கும், கறையான் லேசில் தொடாது, மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. கன மீற்றர் ஒன்று கிட்டத்தட்ட ஒரு தொன் நிறை வரும், தேக்கு அதில் மூன்றில் இரண்டுதான். ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும், துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். சரி, இவ்வளவும் ஒரு வீட்டு நிலைக்குத் தேவையா? உங்கள் வீட்டுக்கு மேல் மூன்று மாடியா கட்டப் போகிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக நிலையும் கதவும் வேம்பில் செய்கிறார்கள். நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த வேம்பு என்றால் உங்கள் காலத்துக்கும் பிள்ளைகளின் காலத்துக்கும் போதும். தேக்கு வேண்டுமானால் அரச மரக்கூட்டுத்தாபனத்தில் கேளுங்கள், விலை கூடத்தான், ஆனால் நட்டு வளர்த்து வெட்டிய மரம், கடதாசியும் கையில் இருக்கும். கூரைக்குப் பனங் கைமரமும் சலாகையும் போதும். இன்னொரு வழி, பழைய வீடு உடைக்கிற இடங்களை விசாரியுங்கள். நல்ல முதிரை நிலைகள் அப்படித்தான் இப்போது நேர்மையாகக் கைமாறுகின்றன. ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம் இனி வெடிக்காது, முறுக்காது. வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுவதற்கு முன் வன அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். மனைவியின் ஆசையும் நிறைவேறும். கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளூர் மரங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழும்பி, "முதிரை அருகிப்போகிறது என்றால் தேக்கை மாதிரி நட்டுவிட வேண்டியதுதானே ரீச்சர்" என்றான். சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. எப்படி இந்த நிலைமைக்கு வந்தது?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கேள்வி சரியான இடத்தில்தான் குத்துகிறது.

வன்னியில் மழை என்றால் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும்தான். மிச்ச மாதங்களில் காடு வெயிலில் கிடக்கிறது. அந்த நிலத்தில் முதிரை மெல்ல மெல்லத்தான் தடிக்கும். மெல்லத் தடிப்பதால்தான் அந்த நெருக்கமும் வைரமும். தேக்கை நட்டவர் தானே வெட்டிப் பார்க்கலாம். முதிரையை நட்டவர் வெட்டிப் பார்ப்பதில்லை, பேரப்பிள்ளை பார்த்தால் உண்டு. அதனால்தான் தேக்கங்காடு போட்டார்கள், முதிரைத் தோட்டம் என்று ஒன்றை நாம் எங்கும் காண்பதில்லை. வரவு செலவுக் கணக்குக்குள் அந்த மரம் அடங்காது.

வெட்டுகிற கணக்கு மட்டும் எப்போதோ தொடங்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் மஞ்சள் பளபளப்பு மரத்தில் மேசை அலுமாரி செய்வது பெரிய மோகமாக இருந்தது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து வேறொரு மரம் போனது, அப்புறம் நம்முடைய முதிரை கப்பலேறியது. மெல்லிய தகடாகச் சீவி வேறு மரத்தின் மேல் ஒட்டினார்கள். அதாவது நாங்கள் கூரை தாங்கத் தீராந்தி போட்ட மரத்தை அவர்கள் மாபிள் மாதிரிப் பாவித்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒரு பாலம் போட்டார்கள். 205 அடி நீளத்துக்கு ஒரே ஒரு வளைவு, நடுவில் தூண் கிடையாது, முழுக்க முதிரை, ஆணியோ இரும்புப் பூட்டோ இல்லாமல் மரத்தோடு மரம் கொளுவிய வேலை. மாட்டு வண்டியும் கோப்பி மூட்டையும் படையும் எல்லாம் அதன் மேலால்தான் கண்டிக்குப் போய் வந்தன. 1905இல்தான் கழற்றி இரும்புப் பாலம் போட்டார்கள். எழுபது வருடத்துக்கு மேல் ஆற்றுக்கு மேலே, மழையில். அதற்கு எத்தனை மரம் விழுந்திருக்கும் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள்.

என் மனதை உறுத்துவது எண்ணிக்கை மட்டும் இல்லை ரீச்சர். வெட்டுகிறவன் நேரான, பருத்த, ஓட்டையில்லாத மரத்தைத்தான் தேடி வெட்டுவான். கோணலும் பொந்தும் விழுந்ததை விட்டுவிட்டுப் போவான். அப்படியே நூறு இருநூறு வருடம் நடந்தால் விதை போடுவதற்கு மிஞ்சுவது எது? இன்றைக்குக் காட்டுக்குள் போனால் முதிரை இல்லை என்று சொல்ல முடியாது, தொடைப் பருமனில் நிறைய நிற்கும். கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத மரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால்தான் வழிகாட்டி தலையைச் சொறிவார்.

அதற்குப் பிறகு காடு வெட்டி எரித்துப் பயிரிடுகிற சேனை, குடியேற்றத் திட்டங்கள், யுத்தம், யுத்தம் முடிந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு கட்டியது, காட்டுக்குள் வாகனம் போக வழி திறந்தது என்று ஒன்றன் மேல் ஒன்று. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998இலேயே இதை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம் என்று பட்டியலில் போட்டது. தென்னிந்தியாவிலும் மடகஸ்காரிலும் கூட இது இருக்கிறது, அங்கேயும் கோடாலி சும்மா இருக்கவில்லை.

மாணவனுக்கான பதில்: நடலாம், நடத்தான் வேண்டும், ஆனால் இப்போது நிற்கிறதை வெட்டிவிட்டு நட்டால் கணக்குச் சரிவராது.

முதிரை, பாலை, வீரை எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. காட்டுப் பக்கம் போனால் முதிரையை எப்படி அடையாளம் பிடிப்பது?
– கல்லூரி மாணவி, மல்லாவி

பட்டையைப் பாருங்கள் பிள்ளை. முதிரையின் பட்டை தடித்து, தக்கை மாதிரி மெதுமையாக, ஆழமாக வெடித்திருக்கும், உள்ளே மஞ்சள் சாயல் தெரியும். இலை வேப்பிலை மாதிரி ஒரு காம்பில் பல சிற்றிலைகளாக வரும், ஆனால் ஓரம் வாள்பல் மாதிரி இராது, ஒவ்வொரு சிற்றிலையிலும் நடு நரம்புக்கு ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கும். ஒரு சிற்றிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தியது போலப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் வாசம் வரும். எலுமிச்சை, கறிவேப்பிலை, விளாத்தி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர், ஒரே குடும்பம். காய் முற்றிக் கறுத்தால் மூன்றாகப் பிளக்கும், உள்ளே இறக்கை வைத்த விதை.

பாலைக்கு இலை தனித்தனி, தடிப்பு, நுனி கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், கீறினால் பால் வரும். வீரையின் அடிமரத்தைப் பார்த்தால் குழப்பமே வராது, பள்ளமும் மேடுமாக முறுக்கியது போலக் கிடக்கும்.

தனியாகப் போகாதீர்கள். யானை மரம் பார்க்க வந்தவரா மரம் வெட்ட வந்தவரா என்று விசாரிப்பதில்லை.

நான் கதிரை மேசை செய்கிறவன். முதிரை அரிந்தால் இரண்டு நாளைக்குக் கையும் கழுத்தும் கடித்துத் தடித்துப் போகிறது. மற்ற மரத்துக்கு இப்படி இல்லை. ஒருவர் நாவூறு என்கிறார்.
– தச்சுத் தொழிலாளி, துணுக்காய்

நாவூறு இல்லை அண்ணை, மரத்தூள். முதிரையில் இருக்கிற சில காரப் பொருட்கள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. இங்கிலாந்தில் முதிரையில் வேலை செய்த தச்சர்களுக்கும் இதே கடிதான், மருத்துவர்கள் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்த முறை இன்னும் கெதியாகக் காட்டும், கூடுமே தவிரப் பழகிப்போகாது. முழுக்கைச் சட்டை, மூக்கை மூடிய முகக்கவசம், அரிந்து முடித்ததும் குளிப்பு. வேர்த்த உடம்போடு தூளை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க உட்காராதீர்கள். மூச்சு முட்டினால் தோல் களிம்போடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அண்ணை, கருங்காலி மாலை போட்டால் சனி விலகும் என்று வட்ஸ்அப்பில் வருகிறது. இந்தியாவில் இருந்து ஒருவர் கொண்டுவந்து விற்கிறார். உண்மையான கருங்காலியா என்று எப்படிப் பார்ப்பது? நம்முடைய காட்டுக் கருங்காலியில் செய்தால் இன்னும் விசேசமா?
– கிளிநொச்சி வாசகி

சனி விலகுமா என்பதைச் சோதிடரிடம் கேளுங்கள் தங்கச்சி, காசு விலகும் என்பதை நான் உறுதியாகச் சொல்லுவேன்.

கருங்காலியின் வைரம் தண்ணீரில் தாழும். ஆனால் தாழ்கிறதெல்லாம் கருங்காலி இல்லை, முற்றிய வைரமரம் பலதும் தாழும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு மணியைத் துடையுங்கள், கறுப்பு ஒட்டினால் அது சாயம். ஒட்டாவிட்டால் நல்ல சாயமாகவும் இருக்கலாம். மணியை இரண்டாகப் பிளந்து பார்த்தால் தெரியும், ஆனால் மாலைக்கு அதற்குப் பிறகு என்ன வேலை?

நம்முடைய கருங்காலியின் நிலைமை முதிரையை விட மோசம். மரம் முழுக்கக் கறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெளிமரம் வெளிறிய நிறம்தான், நடுவில் இருக்கிற வைரம் மட்டும் கறுப்பு, அதுவும் மரம் நன்றாக முற்றினால்தான் கைக்கு வருகிற அளவில் கிடைக்கும். இளமரத்தைத் தறித்துப் பார்த்துவிட்டு உள்ளே கறுப்பு இல்லை என்று அப்படியே போட்டுவிட்டுப் போன குற்றிகளைக் காட்டில் காணலாம். ஒல்லாந்தர் காலத்தில் கதிரையும் கட்டிலும் செய்து, பிறகு ஆங்கிலேயர் குற்றி குற்றியாக ஏற்றி, வன்னிக் காட்டின் நல்ல கருங்காலி கப்பலில் போய்விட்டது. மிஞ்சியதில் பாசிமணி கோர்க்கப் போகிறோமா? பாட்டி வீட்டில் கருங்காலி உலக்கை ஏதும் கிடந்தால் அதை எடுத்துத் துடைத்து வையுங்கள், அதை விட விசேசமான கருங்காலி உங்களுக்குக் கிடைக்காது.

எங்கள் வளவில் ஒரு முதிரை நிற்கிறது, அப்பாவின் காலத்து மரம். மகளுக்கு வீடு கட்ட அதைத் தறிக்கலாம் என்று பார்த்தால் அரிவு ஆலையில் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். எங்கள் பகுதி மரம் என்றாலே உள்ளே யுத்தத்தில் வெடித்த செல்லின் துண்டு இருக்குமாம். உண்மையா?
– புதுக்குடியிருப்பு வாசகர்

உண்மைதான் ஐயா. 2009இல் உங்கள் பகுதியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மனிதருக்குப் பட்டது மரத்துக்கும் பட்டது. சன்னமும் செல் துண்டும் போன துவாரத்தைப் பட்டை மூடி, மேலே மரம் வளர்ந்துவிடும், வெளியில் பார்த்தால் ஒரு தழும்பு கூடத் தெரியாமல் இருக்கலாம். அரியும்போது வாளின் பல்லில் பட்டால் வாள் போச்சு, துண்டு தெறித்து ஆளுக்கும் படலாம். ஆலைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாளின் விலை என்னவென்று அவருக்குத்தான் தெரியும்.

கையில் பிடித்துத் தேடுகிற உலோகம் காட்டும் கருவி இருக்கிற ஆலை ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். தடித்த குற்றிக்குள் ஆழத்தில் இருக்கிறதை அது எப்போதும் காட்டாது. ஆகவே குற்றியாக ஒருமுறை, நாலாகப் பிளந்தபின் ஒருமுறை என்று பார்க்க வேண்டும். பிளக்கும்போது ஒரு இடம் மட்டும் கறுத்து நீலம் பாய்ந்திருந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் அடியிலோ பொந்திலோ முழுதாக ஏதாவது பொருள் தெரிந்தால் கிண்ட வேண்டாம், பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள்.

உங்கள் சொந்த வளவு மரம் என்றாலும் தறிப்பதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதி எடுக்க வேண்டும். கிராம அலுவலரிடம் தொடங்குங்கள். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ கேட்பார்கள். இடம்பெயர்ந்து அலைந்ததில் அது தொலைந்திருந்தால் முதலில் அந்தப் பிரதியை எடுக்கிற வேலை, அப்புறம்தான் மரம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், கேட்டதற்கு மேலே ஒன்று சொல்லட்டுமா? மகளுக்கு வேம்பில் நிலை வையுங்கள். அத்தனை செல்லுக்குப் பிறகும் நிற்கிற மரம், வருடா வருடம் விதை போடுகிற மரம். அரிந்தால் பாதி கழிவுக்குப் போகும். நின்றால் முழு மரம்.

தாத்தா செய்வித்த முதிரை அலுமாரி ஒன்று முள்ளியவளை வீட்டில் இருக்கிறது. அதை ரொறன்ரோவுக்கு எடுக்க ஆசை. முடியுமா? பொலிஷ் எப்படிப் போடுவது?
– புலம்பெயர் வாசகி

முடியும், ஆனால் முதலில் கடதாசி வேலை. 50 வருடத்தைத் தாண்டிய பழம்பொருள் என்றால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், மரப்பொருள் என்பதால் வனத் திணைக்களத்திலும் சுங்கத்திலும் விசாரிக்க வேண்டும், உங்கள் நாட்டுப் பக்கத்தில் பூச்சி இல்லை என்ற சான்றும் கேட்பார்கள். கப்பல் முகவர் "எல்லாம் நான் பார்ப்பேன்" என்றால் எல்லாவற்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

அதை விட, குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் ஹீற்றர் போட்டதும் காற்று காய்ந்துபோகும். முள்ளியவளையின் ஈரக்காற்றில் இத்தனை வருடம் இருந்த பலகை அங்கே சுருங்கிப் பிளக்கப் பார்க்கும். கணப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பொலிஷைப் பொறுத்தவரை, பழைய பூச்சைச் சுரண்டி எடுக்காமல் மெழுகு மட்டும் தேய்த்துத் துடையுங்கள். மேலே பெயின்ற் அடிக்கிற எண்ணம் இருந்தால் அலுமாரியை இங்கேயே தங்கச்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

நெடுங்கேணிப் பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. பாதியில் முதிரை வைக்க விருப்பம். கன்று எங்கே எடுப்பது, எப்படி வளர்ப்பது? லாபம் வருமா?
– வவுனியா வடக்கு வாசகர்

லாபம் வராது. உங்கள் பேரனுக்கு வரலாம். இதைச் சொன்ன பிறகும் நடுவேன் என்றால் மிச்சத்தை வாசியுங்கள்.

நாற்று மேடைகளில் தேக்கும் மலைவேம்பும் கிடைக்கிற மாதிரி முதிரைக் கன்று லேசில் கிடைக்காது. வன அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே போடலாம். கோடையில் காய் முற்றிக் கபில நிறமாகும், பிளந்தால் விதை காற்றில் போய்விடும், ஆகவே பிளக்கும் முன் பறித்து மெல்லிய துணியால் மூடி வெயிலில் வையுங்கள், தானாக வெடிக்கும். விதையை நாள்பட வைக்காதீர்கள், சூட்டோடு போட்டால்தான் முளைப்பு நல்லது. மணல் கலந்த மண், மெல்லிய மூடல், பூவாளியால் தண்ணீர், கொஞ்சம் நிழல். தண்ணீர் தேங்கினால் அழுகும்.

பையில் ஒரு வருடம் வளர்த்து, ஐப்பசி கார்த்திகையில் முதல் மழை இறங்கியதும் நடுங்கள். நட்ட பிறகு இதற்கு வெளிச்சம் வேண்டும், பெரிய மரத்தின் கீழே வைத்தால் குச்சியாகவே நிற்கும். வயல் பள்ளம் வேண்டாம், தண்ணீர் வடிகிற மேட்டு நிலம், உங்கள் பக்கத்துச் செம்மண் நல்லது. முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆடு, மாடு, நெருப்பு மூன்றும்தான் எதிரி, அதில் நெருப்பு மோசம். சித்திரைக்கு முன் எல்லையைச் சுற்றிச் செத்தையைச் செருக்கி வையுங்கள்.

ஒரு நல்ல குணம் சொல்ல வேண்டும். முதிரையைத் தறித்தாலும் அடிக்கட்டையில் இருந்து தளிர்க்கும், வேரில் இருந்தும் கன்று கிளம்பும். உங்கள் காணியில் எப்போதோ தறித்த கட்டை இருக்கிறதா என்று முதலில் சுற்றிப் பாருங்கள். இருந்தால் அந்தத் தளிரில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். அதன் வேர் ஏற்கனவே ஆழத்தில் இருப்பதால் பைக் கன்றை விட வேகமாக எழும்பும். செலவும் இல்லை, ஆட்டை மட்டும் கலைத்தால் போதும்.

முழுவதும் முதிரையாக வைக்காமல் இடையில் தேக்கோ வேம்போ வையுங்கள், அது உங்கள் காலத்துக்கு.

நீங்கள் காட்டைக் காப்பாற்று என்று எழுதுவீர்கள். இங்கே சமைக்க விறகு எடுக்கப் போனவனைப் பிடிக்கிறார்கள், லொறி லொறியாகப் போகிறவன் போய்க்கொண்டே இருக்கிறான். நாங்கள் முன்பு பயிர் செய்த காணிக்குள் எல்லைக்கல் போட்டு இது காடு என்கிறார்கள். எங்களுக்கு எதற்கு இந்தப் பாடம்?
– மாங்குளம் வாசகர்

கோபம் நியாயமானது, பாடம் நடத்துகிற எண்ணமும் எனக்கு இல்லை.

யுத்த காலத்தில் ஆட்கள் இல்லாமல் கிடந்த வயலிலும் தோட்டத்திலும் பற்றை எழும்பிக் காடாகிவிட்டது. திரும்பி வந்தபோது அதை வன வரைபடத்துக்குள் போட்டிருந்தார்கள். அந்தப் பிரச்சினை வன்னி முழுக்க இருக்கிறது, அதைத் தீர்க்காமல் மக்களிடம் காட்டைக் காப்பதைப் பற்றிப் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் தேவையில்லை. பழைய உறுதி, விவசாயப் பதிவு, கமநல சேவை நிலையத்தில் இருக்கிற ஏர்ப்பூமிப் பதிவு, இப்படி எது கையில் இருந்தாலும் பிரதி எடுத்துப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள், வாங்கியதற்குக் கையெழுத்து எடுங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு உயிர் இல்லை.

ஆனால் முதிரை தறிக்கிறவன் விறகுக்குப் போகிறவன் இல்லை. அவனுக்கு முன்பணம் கொடுக்கிற ஒருவர் வெளியில் இருக்கிறார், மரம் போய் இறங்குகிற வீடு வெளியில் இருக்கிறது, பிடிபடுவது நம்முடைய ஊர்ப் பெடியன். நாட்கூலிக்குப் போய் வழக்கு, பிணை, சட்டத்தரணி என்று வருடக்கணக்கில் அலைகிற பெடியன்களை உங்களுக்கும் தெரியும். அதனால்தான் முதல் கேள்விக்கு அவ்வளவு நீளமாக எழுதினேன். வாங்குகிற வீடு இல்லாவிட்டால் இரவில் வாள் போகாது.

பாலைப்பழ காலம் வருகிறது. சாப்பிட்டால் சொண்டு ஒட்டிக்கொள்கிறதே, என்ன செய்வது?
– ஐந்தாம் வகுப்பு மாணவன், கனகராயன்குளம்

நன்றாகப் பழுத்ததைச் சாப்பிடு தம்பி, அரைப் பழத்தில்தான் பால் கூட. சொண்டில் துளி தேங்காய் எண்ணெய் பூசிவிட்டுச் சாப்பிட்டால் ஒட்டாது, ஒட்டினாலும் எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகும். கரடிக்கும் இந்தப் பழம் என்றால் உயிர், ஆகவே அப்பா மாமா இல்லாமல் காட்டுக்குள் போகாதே. இன்னொன்று, பழம் பிடுங்கக் கொப்பை வெட்டி இறக்குகிறவர்களோடு போகாதே, வெட்டின கொப்பில் வருகிற வருடம் பழம் இராது. கீழே படங்கை விரித்துக் கொப்பை உலுப்பச் சொல்லு.